நீலத் துணிக்கு மேலால் போன விமானம்

பர்ஸானா அக்காவைப் பற்றிய செய்தி வந்தபோது நான் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி வளவில் நின்று, இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிற்றில் துணித்துண்டுகளை முடிந்துகொண்டிருந்தேன். நடுவில் சிவப்பு. அதற்குத் தெற்கே நீலம், வடக்கே மஞ்சள். அன்று காலை விமானம் வரவேண்டும். காற்றும் குறைவாக இருந்தது. அக்கா நின்றிருந்தால், "இப்பிடியொரு காத்து இனி எப்ப கிடைக்கும், கெதியாக் கட்டுங்கோ" என்று எல்லோரையும் விரட்டியிருப்பார்.

தொலைபேசியில் சுரேன் அண்ணா. அக்காவோடு வேலை செய்த இளம் பொறியியலாளர் அவர்.

"துளசி, இண்டைக்குப் பறப்பு இல்லை."

"ஏன் அண்ணா? இஞ்ச காத்தே இல்லை."

"அக்கா நேற்றுப் பின்னேரம் வீட்ட போகேக்க, விசுவமடுப் பக்கம் றோட்டுக்குக் குறுக்க மாடு வந்திட்டுது. மோட்டச்சைக்கிளோட விழுந்திட்டா. கொண்டுபோயும் பிழைக்கேல்லை."

"ஹெல்மெட் போட்டவாவோ?" என்று கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"போட்டவா" என்றார் அவர்.

நான் மிச்சத் துணிகளையும் கட்டி முடித்தேன். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்தேன். பிறகு திரும்பவும் கட்டினேன். கைக்கு ஏதாவது வேலை இருக்கவேண்டும் போல் இருந்தது. அதற்கு முதல் நாள் பின்னேரம்தான் அக்கா எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்று அம்மாவோடு கதைத்துவிட்டுப் போனவர்.

எங்கள் ஜெயபுரத்தில் அவரை அறியாத வீடு இல்லை. ஆனால் அநேகமானவர்கள் அவரைப் படலையில் நின்றபடிதான் கண்டிருப்பார்கள். உள்ளே வந்து இருந்து கதைத்தவர் இல்லை. தேத்தண்ணீரையும் நின்றுகொண்டே குடிப்பார். "ஒருக்கா இருங்கோ பிள்ளை" என்று அம்மா கதிரையை இழுத்துப் போட்டால், "இருந்தா எழும்ப மனம் வராது அக்கா" என்பார். கோப்பையைக் கையில் வைத்தபடி முற்றத்தில் மேலும் கீழும் நடப்பார். எங்கள் நாய் முதலில் குரைத்தது. பிறகு அவருக்குப் பின்னால் தானும் நடக்கத் தொடங்கியது.

அவர் எங்கள் ஊருக்கு முதல்முதல் வந்தது ஒரு சத்தத்தைப் பற்றிச் சொல்வதற்காக. சிறிய ஆளில்லா விமானம் ஒன்று, மருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு வருவதற்குப் பழக்கப்படுகிறது, அது எங்கள் வீடுகளுக்கு மேலால் போகும், இந்தத் திசையில் வரும், இப்படி இரையும் என்று வீடு வீடாகச் சொன்னார். தொலைபேசியில் பதிவுசெய்த அதன் சத்தத்தைப் போட்டும் காட்டினார். முன்கூட்டியே சத்தத்தைக் கேட்கவைக்காமல் ஒரு நாளும் பறக்கவிடக்கூடாது என்பது அவருடைய சட்டம். அது வேறு ஊர்களில் வேடிக்கையாக இருக்கலாம். போர்க்காலத்தில் வானத்தில் நின்று வேவு பார்த்த விமானத்தை எங்கள் ஆட்கள் வண்டு என்றுதான் சொல்வார்கள். வண்டு சுற்றினால் பின்னால் என்ன வரும் என்பது இங்கே பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

தொலைபேசியில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா போய்க் கொடியில் காயப்போட்ட துணிகளை எடுக்கத் தொடங்கினார். பாதி ஈரம். அந்த நாட்களில் நிறத் துணிகள் மேலே தெரிந்துவிடும் என்று முதலில் கொடியைத்தான் வெறுமையாக்குவார்களாம். அம்மாவின் கைகள் அதைத் தாங்களாகவே செய்தன. அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை நிறுத்தினார்.

"எவ்வளவு காலத்துக்கு இந்த இரைச்சல்?" என்று அம்மா கேட்டார்.

"வாற மாதம் கடைசி வெள்ளி மட்டும் அக்கா. அதுக்குப் பிறகு சோதனைப் பறப்பு இல்லை. இது என்ர சொல்லு."

இந்தச் சொல்லைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்தார். மாரியில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது நோயாளிகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதனால் விமானம் ஏன் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வேறொன்றைக் கேட்டேன்.

"செய்மதி வழி காட்டும்தானே அக்கா. ஜி.பி.எஸ் எல்லாப் போனிலயும் இருக்கு. பிறகு விமானத்துக்குத் தனிய வழி கண்டுபிடிக்கப் பழக்குவான் ஏன்?"

"செய்மதியின்ர குரல் சரியான மெல்லிசு. தூரத்தில ஆரோ கதைக்கிற மாதிரி. பக்கத்தில ஏதும் இரைஞ்சாலே கேளாமப் போயிடும். கேளாத நேரத்திலயும் விமானம் வந்து சேரவேணும். அதால நாங்கள் அதின்ர கண்ணைக் கட்டிப்போட்டுப் பறக்கவிடுறம்."

விமானம் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதை அவர் கரும்பலகையில் கீறிக் காட்டினார். எங்கிருந்து புறப்பட்டேன், எந்தப் பக்கம் திரும்பினேன், எவ்வளவு வேகமாக எவ்வளவு நேரம் வந்தேன் என்று அது தனக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே வரும். இருட்டில் எங்கள் வீட்டில் நாங்கள் கிணற்றடிக்குப் போவது போல. ஆனால் அதே விமானத்துக்குள் செய்மதிக் கருவி ஒன்றும் இருக்கும். அது ஒவ்வொரு கணமும் உண்மையான இடத்தைப் பதிந்துகொள்ளும். விமானத்துக்கு மட்டும் சொல்லாது. இறங்கிய பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விமானம் தன்னை எங்கே நின்றதாக நினைத்தது, உண்மையில் எங்கே நின்றது என்று தெரியும்.

"பரீட்சை மண்டபத்தில மேற்பார்வையாளர் விடையைத் தெரிஞ்சுகொண்டு, வாயை மூடிக்கொண்டு நிக்கிற மாதிரி" என்றார்.

"எங்கட மேற்பார்வையாளருக்குக் கணக்கு விடை தெரியாது மிஸ். அவர் சங்கீத சேர்" என்று பின் வாங்கிலிருந்து ஒருத்தி சொன்னாள். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

இதற்கு முன் அவர் வளைகுடா நாட்டில் ஒரு விமானத்தில் வேலை செய்தவர். பயணிகள் ஏறாத விமானம் அது. விமான நிலையங்கள் இறங்கும் விமானங்களுக்கு வழிகாட்ட அனுப்புகிற வானொலிக் கதிர்கள் நேராக இருக்கின்றனவா என்று பறந்து பார்ப்பதுதான் அதன் வேலை. முன்னொரு காலத்தில் அதற்கு நிலத்தில் ஓர் ஆள் முக்காலியில் தொலைநோக்கியை வைத்து விமானத்தைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கவேண்டுமாம். முகில் வந்தால் வேலை நின்றுவிடும். செய்மதி வந்த பிறகு விமானத்துக்குள் இருந்தே பார்க்க முடிந்தது.

"பகல் முழுக்க இறங்குற மாதிரிப் போவம். சில்லு நிலத்தில முட்ட முதல் திரும்ப மேல ஏறுவம். திரும்ப வருவம். திரும்ப ஏறுவம். ஆயிரம் சனம் அண்டைக்குப் பத்திரமா இறங்கும். நாங்கள் மட்டும் இறங்கேல்லை" என்று ஒரு நாள் சொன்னார். அதை அவர் சொன்ன விதத்தில் நான் அவருடைய குடும்பத்தை நினைத்தேன். முல்லைத்தீவில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்தவர்கள். அக்கா அங்கேதான் வளர்ந்தார். குடும்பத்தில் பாதிப் பேர் இன்னும் அங்கே. உம்மாவும் அவரும்தான் திரும்பி வந்தவர்கள். இதையெல்லாம் அவர் அதற்கு முன்னொரு நாள் ஒரே மூச்சில், விமானத்தின் இறக்கையைத் துடைத்தபடி சொன்னார். நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தபோது, "அந்தத் திருகாணியை எடு" என்றார்.

கயிறும் துணியும் அவருடைய யோசனைதான். விமானம் அறுவடை முடிந்த எங்கள் வயலில் இருந்து எழும்பி, ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, ஆஸ்பத்திரி வளவில் வெள்ளைத் துணியால் விரித்த கூட்டல் குறிக்கு நேர் மேலால் போகவேண்டும். பிற்காலத்தில் மருந்துப் பெட்டி விழப்போவது அந்த இடத்தில். ஒரு பக்கம் தண்ணீர்த் தாங்கி. மறுபக்கம் மின்கம்பி. நடுவில் உள்ள இடம் ஒடுக்கம். குறிக்கு நேர் மேலே கயிற்றைக் கட்டி, அதன் கீழே நிலத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, விமானம் எந்தத் துணிக்கு மேலால் போகிறது என்று ஒருவர் பார்க்கவேண்டும். கேள்வி கேட்டவள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

"செய்மதிக் கருவி இருக்கேக்க இது என்னத்துக்கு அக்கா?" என்று சுரேன் அண்ணா கேட்டார்.

"ஒருத்தர் சொன்னா அது கதை. ரெண்டு பேர் தனித்தனியச் சொல்லி ஒத்துவந்தாத்தான் அது அளவு" என்றார் அக்கா. பிறகு என்னிடம் திரும்பி, "ஆனா ஒண்டு. கருவி என்ன சொன்னது எண்டு கேக்க முதல் நீ கண்டதைச் சொல்லிப்போடவேணும். பிறகு சொன்னா உன்ர கண்ணும் கருவிக்குத் தலையாட்டத் தொடங்கிடும்" என்றார்.

அந்தக் கயிறு எங்கள் வீட்டுக் கொடிக்கயிறு. நான் கேட்டபோது அம்மா என்னை நெடுநேரம் பார்த்தார். "நாங்கள் வண்டுக்குப் பயந்து துணி எடுத்தனாங்கள். நீங்கள் வண்டு பாக்கத் துணி கட்டுறியள்" என்றார். ஆனால் அவிழ்த்துத் தந்தார்.

அம்மா எதிர்பார்த்திருந்த அந்தக் கடைசி வெள்ளி வந்தது. விமானம் அன்று பல தடவை பறந்தது. ஒவ்வொரு தடவையும் நீலத் துணிக்கு மேலால் போனது. முதல் தடவை என் கண்ணில் பிழை என்று நினைத்தேன். அடுத்த தடவை கூட்டல் குறியின் நடுவில் என் தலை சரியாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டேன். திரும்பவும் நீலம். நான் தொலைபேசியில் எதையும் சொல்வதற்கு முன்பே மறுமுனையில் இருந்து சுரேன் அண்ணாவின் குரல் வந்தது. "துளசி, நேர மேலால. எல்லாப் பறப்பும் நேர மேலால. முடிஞ்சுது." பின்னால் கைதட்டுவது கேட்டது. கொழும்பில் இருக்கும் நிறுவனத் தலைவரும் இன்னொரு தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் அக்கா கயிறு அவிழ்க்க வந்தார். இரைச்சல் முடிந்த சந்தோசத்தில் அம்மா சர்க்கரைப் புக்கை பொங்கிக் கொடுத்துவிட்டிருந்தார். அதை நின்றபடி சாப்பிட்டுக்கொண்டே, "நீ என்ன கண்டனீ?" என்று கேட்டார்.

"நீலம்."

"எந்த முறை?"

"எல்லா முறையும்."

அவர் கரண்டியை வைத்துவிட்டார். கயிற்றுக்குக் கீழே போய்த் தானே படுத்து மேலே பார்த்தார். எழும்பி, தண்ணீர்த் தாங்கி வரைக்கும் நடந்தார். திரும்பி வந்தார். நான் பிழை விட்டிருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். எல்லோரும் எவ்வளவு சந்தோசமாக இருந்தார்கள்.

"மழுப்பாமச் சொல்லு. நீலமோ?"

"நீலம் அக்கா."

"சரி" என்றார். "விமானத்தில பிழை எண்டா அது ஓடித்திரியும். ஒருக்கா இந்தப் பக்கம், ஒருக்கா அந்தப் பக்கம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில நிக்கிற பிழை விமானத்தில இல்லை. நிலத்தில."

அடுத்த நாள் காலையில் அவர் எங்கள் வயலுக்கு வந்தார். வயல் ஓரத்தில் பனைக்குக் கீழே நில அளவைக் கல் ஒன்று இருக்கிறது. செய்மதிக் கருவி தனியே சொல்கிற இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதால், உண்மையான இடம் ஏற்கனவே தெரிந்த ஒரு புள்ளியில் இன்னொரு கருவியை நிறுத்தி, அதைக் கொண்டு விமானத்தில் இருக்கும் கருவியைத் திருத்துவார்கள். அந்தப் புள்ளி எங்கள் வயல் கல். அதன் இடம் அரசாங்கப் பதிவில் உள்ளது. அக்கா கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்க, அப்பா மண்வெட்டியோடு வந்தார்.

"என்ன தங்கச்சி, கல்லில ஏதும் பழுதோ?"

"ஒரு பழுதுமில்லை அண்ணை. வடிவா நிக்குது."

"பின்ன, நான் நட்ட கல்லெல்லோ" என்றார் அப்பா.

அக்கா நடப்பதை நிறுத்தினார்.

அப்பாவுக்குப் பெருமை. விளக்கமாகச் சொன்னார். மீள்குடியேறி வந்த நேரம் வயல் பற்றைக்காடாகக் கிடந்ததாம். துப்புரவு செய்த இயந்திரம் கல்லைப் புரட்டி வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டது. மேலே எழுத்து வெட்டிய அரசாங்கக் கல். அதைச் சும்மா விட்டால் நாளைக்கு யாராவது வந்து, கல்லைக் காணவில்லை, நீதான் பிடுங்கினாய் என்று காணியையும் எடுத்துவிடுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். சித்தப்பாவும் அவரும் அலவாங்கு போட்டு நெம்பித் தூக்கி, கலப்பை படாத இடமாகப் பார்த்துப் பனையடியில் நட்டு, சீமெந்தும் போட்டார்கள்.

"அண்டு தொட்டு ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு பூசுறனான்" என்றார்.

"முதல் எங்க நிண்டது அண்ணை?"

அப்பா வடக்கே கையைக் காட்டினார். "உங்க, அந்த வரம்புக்கு அங்கால. தூரமில்லை. ஒரு உழவு மெஷினும் பெட்டியும் நிக்கிற இடைவெளி."

அக்கா வரம்பில் இருந்துவிட்டார். அவர் இருந்ததை நாங்கள் அன்றுதான் கண்டோம். அப்பா பயந்து தண்ணீர் கொண்டுவர ஓடினார். நான் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீரும் நின்றது.

கல் தெற்கே நகர்ந்திருந்தது. கருவிகளோ அது பழைய இடத்தில் நிற்பதாகவே நம்பின. அதனால் விமானம் புறப்படும் இடம் உட்பட, கல்லை வைத்து அளந்த எல்லாமே ஒன்றாகத் தள்ளிப்போயின. ஆஸ்பத்திரிக் கூட்டல் குறியின் இடம் மட்டும் வேறு வரைபடத்தில் இருந்து எடுத்தது. அது தள்ளவில்லை. விமானம் கல் போன பக்கமே போய், நேராகப் போனேன் என்றது. செய்மதிக் கருவியும் ஓம் என்றது. மேற்பார்வையாளரிடம் பிழையான விடைத்தாள் இருந்திருக்கிறது.

"என்ர பிழைதான்" என்றார் அக்கா. "நேரா நிண்டது, வெள்ளையும் பூசியிருந்தது. நம்பிப்போட்டன். வடிவா நிக்கிறதெல்லாம் சரியான இடத்தில நிக்கிறதில்லை."

அப்பா கல்லைப் பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டார். "ஐயோ அண்ணை, இனி நீங்கள் ஒண்டையும் நேராக்காதேங்கோ" என்று அக்கா கும்பிட்டார்.

அங்கேயே நின்று கொழும்புக்கு அழைத்தார். தலைவரின் குரல் எங்களுக்கும் கேட்டது. எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதைக் கணக்கில் கழித்துவிட்டு அறிக்கையைக் கொடுக்கலாம் என்றார் அவர். மாரிக்கு முன் அறிக்கை போகாவிட்டால் விமானம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்பதையும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. களைத்த குரல்.

"கழிக்கலாம் சேர்" என்றார் அக்கா. "ஆனா இந்த விமானம் அந்தக் குறிக்கு மேலால ஒரு நாளும் போகேல்லை. கடதாசியில கழிச்ச பிழை தண்ணித் தாங்கிக்குத் தெரியாது. பெட்டி அதில போய் அடிபட்டா, உள்ளுக்கு இருக்கிற மருந்து ஆருக்கு எண்டது எங்களுக்கும் தெரியாது."

மறுமுனையில் தலைவர் நாட்காட்டியைப் புரட்டுவது கேட்டது. பிறகு, மாரி தொடங்கும்வரை எத்தனை பறப்பு முடியுமோ அத்தனை பறந்து பார்க்கும்படியும், அதற்குள் சரிவராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு வயலைச் சுற்றி ஒரு முறை நடந்தார். விமானத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் யோசித்தது அம்மாவை.

நில அளவையாளர்கள் வந்து, வாய்க்கால் மதகின் சீமெந்தில் பித்தளை ஆணி ஒன்றை இறுக்கி, அதன் இடத்தைப் புதிதாக அளந்து கொடுத்தார்கள். அடுத்த நாள் பறப்பு என்று முடிவானதும் அன்று பின்னேரமே அக்கா வீடு வீடாக நடந்தார். முதலில் எங்கள் படலை.

"அக்கா, வெள்ளியோட முடியும் எண்டு சொல்லு தந்தனான். அது பிழைச்சுப்போச்சு. நாளைக்குத் திரும்ப வரும்."

அம்மாவின் முகம் மாறியது. "அண்டைக்கு நான் புக்கை பொங்கி அனுப்பினனான்."

"ஓம். சாப்பிட்டனான்."

"அது சரியா வந்தது எண்டுதானே எல்லாரும் சொன்னவை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"உங்கட மகளுக்குத் தெரியும் அக்கா. அவள் நீலம் எண்டு சொன்னவள்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இந்த முறை எத்தினை நாளைக்கு?"

"தெரியாது. இந்த முறை நான் நாள் சொல்லமாட்டன்."

அம்மா திரும்பிக் குசினிக்குள் போனார். அக்கா படலையைப் பிடித்தபடி நின்றார். கோபித்துக்கொண்டுதான் போய்விட்டார் என்று நானும் நினைத்தேன். அம்மா தேத்தண்ணீரோடு வந்தார். அக்கா அதை நின்றபடி குடித்தார். "வாறன் அக்கா" என்று சொல்லி அடுத்த படலைக்குப் போனார். எங்கள் வீட்டில் அவருடைய கடைசிச் சொல் அது.

ஜனாஸா வீட்டுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொன்னார்கள். ஆண்கள் எடுத்துக்கொண்டு போனபின் அம்மாவும் நானும் உள்ளே உம்மாவோடு இருந்தோம். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரைச் சொன்னார். "புக்கை தந்து விட்டது நீங்களோ?" என்று உம்மா கேட்டார். அக்கா வீட்டில் எங்கள் ஊர்க் கதையைத்தான் எந்த நேரமும் கதைப்பாராம். "சின்னனில இருந்தே ஓரிடத்தில இருக்கமாட்டா. தொட்டிலில கூட நிண்டவா" என்றார் உம்மா. எனக்கு அந்த அறையில் இருக்க முடியவில்லை. எழும்பி வெளியே போய் முற்றத்தில் மேலும் கீழும் நடந்தேன். எத்தனையாவது சுற்றில் என்று தெரியாது, நான் யாரைப் போல நடக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

கொஞ்ச நாள் கழித்துச் சுரேன் அண்ணா அழைத்தார். பறப்பு தொடர்கிறது, இப்போது பொறுப்பு அவருக்கு. ஆனால் வீடு வீடாகச் சொல்ல அவருக்குத் தயக்கம். "எனக்கு அவா மாதிரிக் கதைக்க வராது" என்றார். நான் போகிறேன் என்றேன். படலைகளில் நின்று சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டவர்களிடம் தெரியாது என்று சொன்னேன். சிலர் ஏசினார்கள். அவர்கள் ஏசுவது நியாயம். பாதி வழியில் அம்மா எனக்குப் பின்னால் வந்துகொண்டிருப்பதைக் கண்டேன். "நீ சின்னப் பிள்ளை. உன்னைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்" என்றார். மிச்ச வீடுகளுக்கு அம்மாதான் சொன்னார்.

அடுத்த நாள் நான் கயிற்றுக்குக் கீழே படுத்திருந்தேன். இரைச்சல் மேற்கே தொடங்கியது. நான் ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். விமானம் சிவப்புத் துணிக்கு நேர் மேலால் போகவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அக்காவுக்காக ஒரே ஒரு தடவை நேராகப் போனால் போதும் என்று, எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களிடமும் அக்காவின் அல்லாவிடமும் கேட்டேன். கண்ணை இமைக்காமல் பார்த்தேன்.

அது சிவப்புக்கு மேலால் போகவில்லை.

தொலைபேசி அடித்தது. "துளசி" என்றார் சுரேன் அண்ணா. அதற்கு மேல் பேசவில்லை. அக்காவின் சட்டம் அவருக்கும் நினைவிருந்தது. நான் சொல்லும்வரை காத்திருந்தார்.

"மஞ்சள்" என்றேன். "சிவப்புக்கு வடக்க. மஞ்சளுக்கு மேலால போனது."

மறுமுனையில் ஏதோ தட்டும் சத்தம். பிறகு அவர் மூச்சுவிடுவது கேட்டது. "கருவியும் வடக்கதான் சொல்லுது" என்றார். "நீ சொல்லுற அளவுதான். ரெண்டும் ஒண்டைத்தான் சொல்லுது துளசி."

முதல் தடவையாக இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போயின. விமானம் இன்னும் பிழையாகத்தான் பறக்கிறது; கல்லின் பிழை போய், காற்றோ வேறெதுவோ தள்ளிய அதன் சொந்தப் பிழை மிச்சம். ஆனால் இப்போது அது எவ்வளவு பிழை என்று எங்களுக்கு உண்மையாகவே தெரியும். இனித் திருத்தலாம். மாரிக்கு முன் முடியுமா என்று தெரியாது. கிழக்கே முகில் கட்டத் தொடங்கிவிட்டது. சுரேன் அண்ணா அவசர அவசரமாக அடுத்த பறப்புக்கு ஆயத்தம் செய்தார்.

நடுவில் கிடைத்த நேரத்தில் நான் வீட்டுக்கு ஓடினேன். கொடிக்கயிறு என்னிடம் இருந்ததால் அம்மா வேலியில் துணி விரித்திருந்தார். அப்பாவின் நீலச் சாரம், என் வெள்ளைப் பள்ளிச் சட்டை, அம்மாவின் சிவப்புச் சேலை. இரைச்சல் மேலால் போயிருக்கிறது. துணிகள் போட்ட இடத்திலேயே கிடந்தன.

"நேர போச்சோ?" என்றார் அம்மா.

"இல்லை."

"அப்ப திரும்ப வரும்."

"ஓம்."

அம்மா சேலையைத் திருப்பிப் போட்டு மற்றப் பக்கத்தைக் காயவிட்டார்.

பர்ஸானா அக்காவின் பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. கயிறு எங்கள் வீட்டுக் கயிறு, துணிகள் எங்கள் பழந்துணிகள். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, மற்றவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன் நான் கண்ட நிறத்தைச் சொல்லிவிடுகிற அந்த ஒரு பழக்கம். ஆசைப்பட்ட நிறம் வேறாக இருந்த நாளிலும் அது என்னிடம் இருந்தது. இரைச்சல் திரும்பவும் கேட்டது. நான் ஆஸ்பத்திரி வளவுக்கு ஓடிப்போய்க் கயிற்றுக்குக் கீழே படுத்தேன்.